டபுள் விசில் கேம்ஸ் வளர்ந்த கதை

தம்பி, தப்பா நெனைக்காதீங்க. அந்தப் போனக் கொஞ்சம் சன்னல் பக்கமாத் திருப்பிப் புடிச்சுக்கறீங்களா? சத்தம் பரவால்லீங்க, சத்தத்துக்குச் சொல்லல. அதப் பார்த்தா எனக்குக் குமட்டுது.

இல்லில்ல, நீங்க ஆடுங்க. உங்க போனு, உங்க நெட்டு, வேண்டாங்கறதுக்கு நான் யாரு? உடுமலை போற வரைக்கும் மனுசன் என்னதான் பண்ணுவான். ஆனா அந்தக் கேம்ல பஸ்ஸுக்குப் பொறகால பச்சைச் சீலை கட்டிட்டு, சோத்துத் தூக்குப்போசியப் புடிச்சுட்டு ஒரு பொம்பள ஓடறா பாருங்க. ஆமா, அவதான். நீங்களும் சிரிக்கறீங்க. சிரிங்க, ஊரே சிரிக்குது. அது எங்க அக்காங்க.

பொம்மைதான். பொம்மைன்னு எனக்குத் தெரியாதுங்களா? அதச் செஞ்சவனே நாந்தான். என் பேரு நவநீதன். இந்தக் கேமத் தொறக்கறப்ப ரெண்டு விசில் அடிக்குதுல்ல, டபுள் விசில் கேம்ஸ்னு, அந்தக் கம்பெனிய ஆரம்பிச்சது ரெண்டு பேரு. ஒருத்தன் ஜெகதீசன், பேப்பர்ல எல்லாம் கோட்டுப் போட்டுட்டுக் கையக் கட்டிட்டு நிப்பானே அவன். இன்னொருத்தன் நான். உள்ள போயிப் பேரத் தேடிப் பாருங்க, இருக்காது. எடுத்துட்டானுக. தூ! பஸ்ஸுக்குள்ள துப்பக் கூடாது, செரி, ஆனா வாயில வருதுங்களே.

இன்னைக்கு சரவணம்பட்டியில கண்ணாடிக் கட்டடம். பத்து வருசத்துக்கு முன்னால வந்து பார்த்திருக்கோணும். சுந்தராபுரத்துல டயர் ரீட்ரேடிங் கடைக்கு மேல ஒரு ரூமு. கீழ ரப்பர் வேகும், மேல நாங்க வேகுவோம். ஜெகதீசனும் நானும் ஒரே காலேஜு, ஒரே பெஞ்சு. வாய் அவனுது, கை என்னுது. மொதல்ல ஒரு கேரம் ஆட்டம் பண்ணோம். அப்பறம் பட்டம் விடற ஆட்டம். எவனும் சீண்டல. எங்க மச்சான் ஒருத்தர்தான் போன்ல ஏத்தி வெச்சிருந்தாரு. அதுவும் அக்கா போட்ட சத்தத்துல. "எந் தம்பி பண்ணது, ஆடாட்டியும் பரவால்ல, வெச்சிரு"ன்னு சொல்லீருக்கறா.

எங்க அக்கா பேரு ருக்குமணி. எனக்கு அம்மா, அப்பா எல்லாம் அவதான். அம்மா சின்னதுலயே போயிருச்சு, அப்பன் இருந்தும் இல்லாத மாதிரி. நூல் மில்லுல வேலை செஞ்சு என்னையப் படிக்க வெச்சா. அவ கல்யாணங்கூட என் படிப்பு முடிஞ்சுதான். நான் அவளத் தெய்வமாத்தான் வெச்சிருக்கறேன். இத மனசுல வெச்சுக்கிட்டு மிச்சத்தக் கேளுங்க, இல்லைன்னா என்னையத் தப்பா நெனச்சுப் போடுவீங்க.

செரி, கதைக்கு வாரேன். அப்ப வெளிநாட்டுக்காரன் செஞ்ச பஸ் ஓட்டற கேம் ஒண்ணு வந்துச்சு. நம்ம ஊர்ப் பசங்க அந்த பஸ்ஸுக்கு நம்ம ஊர் பிரைவேட் பஸ் பெயிண்ட ஒட்டி, நம்ம ஊர் ஏர் ஹாரன் சத்தத்தப் போட்டு ஓட்டிட்டு இருந்தானுக. ஜெகதீசன் பார்த்தான். "டேய், பெயிண்ட்டுக்கே இந்தக் கூத்துன்னா, ரோடும் நம்ம ரோடா இருந்தா?"ன்னான். நல்ல ரோசனைதான், மறுக்க மாட்டேன். நான் உக்காந்து பொள்ளாச்சி ரோடு பூராத்தையும் வரைஞ்சேன். புளியமரம், இளநிக்கடை, பஞ்சர் கடை, ஒண்ணு விடல. ஆனா ரோடு மட்டும் இருந்தா நம்ம ஊர் ஆயிருமா? சனம் வேணும்ல.

நீங்களே சொல்லுங்க, நம்ம பக்கம் எந்த பஸ்ஸு நிக்க வேண்டிய எடத்துல நிக்குது? ஸ்டாப்புல நிறுத்துனா டிரைவருக்குக் கவுரவக் கொறச்சல். ரெண்டு தென்னமரம் தள்ளித்தான் நிறுத்துவான். நாம ஓடோணும். நம்மூர்ப் பொம்பளைக்கு பஸ் ஏறத் தெரியோணும்னா மொதல்ல ஓடத் தெரியோணும். வெளிநாட்டுக் கேம்ல எல்லாம் பஸ்ஸு கோட்டு மேல நிக்கும், வெள்ளைக்காரன் வரிசையா ஏறுவான். அதா நம்ம ஊரு? நான் சொன்னேன், பஸ் தாண்டிப் போனா சனம் பொறகால ஓடி வரோணும்னு. அந்த ரோசனை என்னுது. எந்தப் பேப்பர்லயும் இது வரல.

ஓடறதுக்கு யாரப் பார்க்கறது? எங்க அக்காவத்தான். தெனமும் மில்லு பஸ்ஸுக்கு ஓடறவ. ஒரு நாள் அவ வேலை முடிஞ்சு வந்த கையோட, ஜெகதீசன் மொபெட்ட ஓட்ட, நான் பின்னாடி திரும்பி உக்காந்து கேமராவப் புடிச்சுட்டு, "அக்கா, ஓடி வா"ன்னேன். "எதுக்குடா சாமி?"ன்னா. "கம்பெனி சோலிக்கா, ஓடு"ன்னேன். ஓடுனா. வேற ஒண்ணும் கேக்கல. அதுதாங்க எங்க அக்கா.

ஒரு தரம் ஓடுனாப் போதாதுங்க. கை தனியா, கால் தனியா, முந்தானை தனியாப் பார்க்கோணும். "முட்டி வலிக்குதுடா"ன்னா. வலிக்கட்டும்னு சொல்லல, ஆனா ஒண்ணு சொல்றேன், அந்த வலி நல்லா விழுந்துச்சு. வலது கால ஊனறப்ப ஒரு சாய்வு சாய்வா பாருங்க, அந்த நேரத்துல தூக்குப்போசி இடுப்புக்கு வந்து ஒட்டும். இதெல்லாம் காசு குடுத்துக் கூட்டிட்டு வந்து நடிக்கறவகிட்ட வருமா? வராது. பக்கத்து வீட்டுச் சனமெல்லாம் வெளிய வந்து பார்த்துச்சு. அக்காவே சிரிச்சுட்டுத்தான் ஓடுனா. அன்னைக்கு அவளும் சிரிச்சா, அதையும் சொல்லிப் போடறேன்.

இப்ப உங்க போன்ல எப்பிடி ஓடிக்கிட்டே இருக்கறா, நிக்கறதே இல்லியே, எப்பிடின்னு கேப்பீங்க. அது கேம எழுதறப்ப விழுந்த தப்புங்க. எல்லாரும் ஜெகதீசன் மூளைங்கறான், அது தப்பு, என் தப்பு. பஸ் கெடைக்கற வரைக்கும் ஓடுன்னு எழுதுனேன். பஸ் கெடைக்கலைன்னா நின்னுக்கோன்னு எழுத மறந்துட்டேன். மறந்தேன்னு கூடச் சொல்ல முடியாது. எங்க அக்கா பஸ்ஸ விட்டு நான் பார்த்ததே இல்ல. விட்டா மில்லுக் கேட்ட மூடீருவான், அன்னைக்குக் கூலி போச்சு. நிக்கற அக்காவ நான் கண்ணால பார்த்ததே இல்லீன்னா எப்பிடிங்க எழுதறது?

ஒரு காலேஜு விழாவுல கொண்டு போயி வெச்சோம். ஒரு பையன் அவ ஸ்டாப்புல நிறுத்தாமப் போயிட்டான். அக்கா ஓடுனா. அவன் திரும்பிப் பார்த்தான், இன்னும் ஓடி வாரா. கெணத்துக்கடவு தாண்டியாச்சு, ஓடி வாரா. பொள்ளாச்சி தாண்டியாச்சு, அதே சாய்வு, அதே தூக்குப்போசி, ஓடி வாரா. அந்தப் பையன் தரையில உருண்டு உருண்டு சிரிச்சான். அப்பறம் அங்க எந்தப் பையனும் பஸ் ஓட்டல, அவள ஓட வெக்கறதுதான் ஆட்டமாப் போச்சு. "ஓடுக்கா ஓடு"ன்னு ஒரே கூச்சல். நான் வேர்த்துப் போயி, "ஜெகதீசா, இன்னைக்கே திருத்தீர்றேன்டா"ன்னேன். என் கையப் புடிச்சான். "தொட்டீன்னா கையொடிச்சுப் போடுவேன்"ன்னான். பாருங்க, என்ன மனுசன் அவன்! சீ!

அப்பிடித்தானுங்க வளர்ந்துச்சு கம்பெனி. பஸ் கேமுன்னு பேரு, எவனும் பஸ் ஓட்டறதுக்கு அதப் போன்ல எறக்கல. டயர்க் கடை மாடியிலிருந்து பீளமேடு, அங்கிருந்து சரவணம்பட்டி. புதுசு புதுசா ஆளுக. மாசத்துக்கு ஒண்ணு புதுசா விடோணும்னு நின்னான். மழையில ஓடற அக்கா. சேத்துல வழுக்கி விழுந்து எந்திரிச்சு ஓடற அக்கா. நாய் தொரத்தற அக்கா. நாய்! ஒரு பொம்பளையப் போயி நாய் தொரத்த விட்டு ஊரு வெளையாடுதே, இத விடக் கேவலம் இருக்குதா? நாய் தொரத்தறப்ப ஓடற ஓட்டம் வேறங்க, ஒடம்பு முன்னால போகும், தலை பின்னால பார்க்கும். அங்க இருந்த பசங்களுக்கு அது வரவே இல்ல, பொம்மை சறுக்கிட்டுப் போச்சு. கடைசியில நாந்தான் உக்காந்து செஞ்சு குடுத்தேன். அதப் பார்த்துட்டு அத்தன பேரும் கை தட்டுனானுக.

கொஞ்சம் இருங்க, பஸ் நிக்குது. பாருங்க, அந்தக் காலேஜுப் புள்ள ஓடி வருது பாருங்க. ம்ஹூம். இது ஓட்டமே இல்ல. ஒரு கையில போனு, பார்வை கீழ. கண்டக்டரப் பார்த்து ஓடோணும், கண்ணுல ஒரு கெஞ்சல் இருக்கோணும். எங்க அக்காவுக்கு இருக்கும். ஏறீருச்சு, செரி, விடுங்க.

எங்க விட்டேன்? கண்ணாடிக் கட்டடம். உள்ள நொழைஞ்சதும் ஆளு உசரத்துக்கு பைபர்ல ஒரு செல. எங்க அக்கா. ஓடற மாதிரி, ஒரு கால் தூக்கி. வாரவன் எல்லாம் கட்டிப் புடிச்சுட்டுப் போட்டோ எடுப்பான். காலையில வாரவன் அவ கையில ஹெல்மெட்ட மாட்டீட்டுப் போவான். நான் ஒரு நாளும் மாட்டுனதில்ல, என் ஹெல்மெட்டக் கையிலயே கொண்டு போயிருவேன்.

ஒரு கோடிப் பேரு எறக்குனாங்கன்னு ஒரு நாள் கேக் வெட்டுனாங்க. அந்த கேக்க எப்பிடிச் செஞ்சிருந்தானுகன்னு நெனைக்கறீங்க? எங்க அக்காவ அப்பிடியே படுக்க வெச்ச மாதிரி. பச்சைக் கிரீம் சீலை. ஜெகதீசன் கத்தியத் தூக்கிட்டு, "கால் யாருக்கு, கை யாருக்கு?"ங்கறான். அத்தன பேரும் கூச்சல் போடறான். நான் தொடல. அவனா ஒரு துண்ட என் வாயில திணிச்சான், அது வேற விசயம். முந்தானைப் பக்கந்தான் அது.

அக்காவுக்குத் தெரியுமான்னா கேக்கறீங்க? அங்கதாங்க வாரேன்.

மொதல்ல தெரியல. அவகிட்ட இருந்தது பட்டன் போனு. ரோட்டுல போறப்பப் பள்ளிக்கொடத்துப் பசங்க, "ஓடுக்கா"ன்னு கத்துனா, பசங்கதானேன்னு போயிருக்கறா. அதே பச்சைச் சீலை, அதே தூக்குப்போசி, மில்லுல குடுத்த சீலைங்க அது, பார்த்தவுடனே தெரிஞ்சுருமில்ல. அப்பறம் ஒரு நாள், அவ தெனம் போற பஸ்ஸு, தெனம் பார்க்கற கண்டக்டரு. ஸ்டாப்பத் தாண்டி நிறுத்தீருக்கறான். அக்கா ஓடீருக்கறா. கிட்டப் போனதும் கண்டக்டரு ரெண்டு விசில் குடுத்திருக்கறான். வண்டி நகர்ந்திருச்சு. மறுபடி நிறுத்தி, மறுபடி ரெண்டு விசில். உள்ள இருந்தவனெல்லாம் பின் கண்ணாடிகிட்ட வந்து போனத் தூக்கிப் புடிச்சுட்டு, "ஓடுக்கா ஓடு"ங்கறான். கூட மில்லுல வேலை செய்யற பொம்பளைங்களும் சிரிக்கறாளுக.

எங்க அக்கா என்ன பண்ணுனா தெரியுங்களா? நின்னுட்டா.

நடு ரோட்டுல அப்பிடியே நின்னுட்டா. அப்பறம் திரும்பி ஊட்டுக்கு நடந்துட்டா. அவனுக போன்ல புடிச்ச அந்தப் படத்தை நானும் பார்த்தேன். எனக்கு இன்னைக்கும் அதுதான் புரியல. இன்னும் நாலு எட்டு ஓடீருந்தா அவனுகளே சிரிச்சுட்டு ஏத்தீருப்பானுக. அத்தன வருசம் ஓடுனவளுக்கு அந்த நாலு எட்டு என்னங்க? அதோட மில்லுக்குப் போறத நிறுத்தீட்டா. பஸ்ஸே ஏறறதில்ல. எங்கயும் வாரதில்ல. கம்பெனிப் பங்குல நான் ஊடு கட்டி, "ருக்குமணி இல்லம்"னு கருங்கல்லுல பேரு வெட்டி வெச்சேன். கிரகப்பிரவேசத்துக்கு வரல. பெத்த தாயாட்ட வளர்த்தவ, வரல.

நான் போயி நின்னேன். ஏசுவான்னு நெனச்சேன், ஏசல. மச்சான்தான் மூஞ்சியத் திருப்பிட்டு உள்ள போயிட்டாரு. அக்கா ஒண்ணுதான் கேட்டா. "சாமி, அந்தப் பொம்மையக் கலைக்கச் சொல்லல. ஒருக்காவாச்சும் அந்த பஸ்ஸ நிறுத்தி அவள ஏத்தீருடா. ஏறி உக்காந்துட்டான்னா இந்தச் சனம் சிரிக்கறத நிறுத்தீரும்"னா. அதச் சொல்றப்ப அழுதுட்டா. எனக்கும் தாங்கல, வாக்குக் குடுத்துட்டு வந்தேன்.

வந்து ஜெகதீசன்கிட்டச் சண்டை போட்டேன். போடாம இருப்பனா? கண்ணாடி ரூமு அதிரக் கத்துனேன். அவன் காப்பியக் குடிச்சுட்டே கேட்டான். "ஏத்தீரலாம் நவநீதா. ஏறிட்டா அப்பறம் ஆட்டம் என்ன?"ன்னான். கேடுகெட்ட பயதான், ஆனா தொழில் முறையில அதுல ஒரு நியாயம் இருந்துச்சு. ஏறிட்டா ஆட்டம் முடிஞ்சுது. ஒரு மாசம் ரோசனை பண்ணிப் பார்த்தேன், எனக்கும் வேற வழி தெரியல. அப்பறம் தீவாளிக்கு விடற வேலை வந்துச்சு, பட்டாசுக்கு நடுவுல ஓடற அக்கா, அதுல அது அப்பிடியே தள்ளிப் போச்சு.

இல்லீங்க, அதுக்காக நான் கம்பெனிய விட்டு வெளிய வரல. அதுக்கெல்லாம் பொறுத்துட்டுத்தான் இருந்தேன். நான் வந்தது வேற கொடுமைக்கு.

சென்னையில ஒரு விருது விழா. எங்க கேமுக்கு, பொம்மைய நல்லா அசைய வெச்சதுக்கு விருது. நான் புதுச் சட்டை போட்டுட்டு முன் வரிசையில உக்காந்திருக்கறேன். மேடையில கூப்புடறாங்க, எந்திரிக்கறேன், எனக்கு முன்னால ஒரு பொடியன் எந்திரிச்சுப் போறான். பூனாவுல படிச்சுட்டு வந்து சேர்ந்தவன், பேரு பிரணவ். மைக்கப் புடிச்சுட்டு என்ன சொல்றான் தெரியுங்களா? "எங்க அப்பார்ட்மெண்ட்ல வீட்டு வேலை செய்யற ஒரு அம்மா ஓடறதப் பார்த்து இந்த ஓட்டத்த உருவாக்குனேன்"ங்கறான். உருவாக்குனானாம்! அந்த ஓட்டத்துல ஒரு சுண்டு விரல அசைச்சிருப்பானா அவன்? கீழ உக்காந்து ஜெகதீசன் கை தட்டறான். ஊரான் வீட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையேன்னு அள்ளி ஊத்தறான் பாருங்க, எங்க அக்கா ஓட்டத்த!

அன்னைக்குத்தான் தம்பி எனக்கு ஒடம்பு பூராம் எரிஞ்சுது. கேக்க வெட்டுனப்பக் கூட அப்பிடி எரியல. சபையில எந்திரிச்சுக் கத்துனேன். "அது எங்க அக்காடா! அது என் ஓட்டம்டா!"ன்னேன். ரெண்டு தடியனுக வந்து தோளப் புடிச்சு வெளிய தள்ளிட்டானுக. அடுத்த வாரம் பேரையும் எடுத்துட்டானுக. ஒருத்தி மானத்த வித்துத் தின்னுட்டு, செஞ்சவன் பேரக் கூடப் போடாதவனெல்லாம் மனுசனா? சீ, என்ன பொழப்போ!

இப்பத்தான் தனியா ஒரு கம்பெனி ஆரம்பிச்சிருக்கறேன். பழையபடி ஒரு ரூமு, உக்கடத்துல. கூட மூணு பசங்க. இந்தத் தடவை எவனும் வாய் தொறக்க முடியாது, கேமத் தொறந்ததும் மொதப் படத்துலயே என் பேரு விழுகும். ஒரே ஒரு கொறை. பழைய வீடியோ எல்லாம் கம்பெனி லேப்டாப்புல மாட்டிக்கிச்சு. கையில ஒண்ணும் இல்ல. புதுக் கேமுக்காக நானும் எத்தனையோ பேர ஓட விட்டுப் பார்த்துட்டேன். நாடகத்துக்காரி ஒருத்தியக் கூட ஓட வெச்சேன். வரலீங்க. அந்தச் சாய்வு வர மாட்டேங்குது.

இந்தப் பையில என்னன்னு பார்க்கறீங்களா? சீலைங்க, அக்காவுக்கு. அவகிட்டத்தான் போறேன். மூணு வருசமாப் பேச்சு வார்த்தை இல்ல, வெறுங்கையோட போக முடியுமா? கூடப் பொறந்தவன்னு இருக்கறது நான் ஒருத்தன். இருங்க, எடுத்தே காட்டறேன். பச்சை, பாருங்க, அரக்குக் கரை. பழச அவ வெறகடுப்புல போட்டுட்டாளாம், மச்சான் யார்கிட்டயோ சொல்லீருக்கறாரு. அந்த மில்லே இப்ப இந்தக் கலர் குடுக்கறதில்ல. ஈரோட்டுச் சந்தையில அலஞ்சு அலஞ்சு புடிச்சேன். நூலுகூட அதே நூலு. பட்டு எடுத்துக் குடுக்க எனக்கு வக்கில்லாமயா? பட்டுல முந்தானை அப்பிடிப் பறக்காதுங்க.

ஆமாங்க, முட்டி இப்ப இன்னும் மோசமாம். படி எறங்கறதுக்கே செவுத்தப் புடிக்கறாளாம். எனக்கும் வெசனந்தான். ஆனா ஒரு விதத்துல பார்த்தா, சாய்வு இன்னும் நல்லா விழுகும்.

என்னங்க? இந்தப் புதுக் கேம்லயாச்சும் அவுங்க பஸ் ஏறுவாங்களான்னா கேக்கறீங்க? நல்லாக் கேட்டீங்க போங்க. நீங்க ஆடறவரு, நீங்களே சொல்லுங்க, ஏறி உக்காந்துட்டா நீங்க இத இத்தன நேரம் ஆடீருப்பீங்களா?

கண்டக்டரே, வேலாம்பாளையம் பிரிவு எறக்கம்! கொஞ்சம் காலை மடக்கிக்கங்க தம்பி, வரட்டுங்களா. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. அவ கோவமெல்லாம் வாசப்படி வரைக்குந்தான். பொறந்தவன் எடுத்துட்டு வந்த சீலைய எந்த அக்காங்க வேண்டாம்பா? கட்டிக்குவா. கட்டிக்கிட்டாள்னா ஓடீருவா.